செல் தானே உதிர்வது எப்படி, அதைக் கண்டுபிடிப்பது எப்படி? அபோப்டோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளுக்குச் செல் வளர்ப்புச் சோதனைகளில் பல வருடங்களாகக் கைகொடுத்து வருகிறேன். பிச்சாவரத்து அலையாத்தி இலை, பரங்கிப்பேட்டைக் கடற்பாசி, வேலியோரத்து மூலிகை என்று ஏதாவது ஒன்றின் சாற்றை எடுத்துப் புற்றுநோய் செல்லில் விட்டுப் பார்ப்பார்கள். செல் செத்துவிடும். அப்புறம்தான் கேள்விகள் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நேரில் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு வந்த பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டவர்களின் கேள்வியும் ஒன்று உண்டு.

அபோப்டோசிஸ் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

உதிர்தல். மரத்திலிருந்து இலையும் காம்பிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 1972-இல் கெர், வில்லி, கரீ என்ற மூன்று நோயியல் அறிஞர்கள் ஒரு கட்டுரையில், செல் திட்டமிட்டுத் தானே சாவதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மக் சொல்லிக்கொடுத்த சொல் இது.

நம்மிடமும் இதற்கு நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைச் சொல்வோம் இல்லையா, அதில் 'வீ' என்பது உதிரும் பூ. 'வீதல்' என்றால் இறத்தல். உதிர்வதும் இறப்பதும் ஒரே சொல்லுக்குள் இருப்பதை வகுப்பில் சொன்னால், அதற்குப் பிறகு யாரும் பொருளை மறப்பதில்லை.

சாதாரணமாகச் சாவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் முறிந்து கிடந்தன. முறிந்த கிளையில் மிஞ்சிய இலைகளைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அவை காய்ந்து சுருண்டும் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், சட்டென்று உதிராது. ஏனென்றால் இலை உதிர்வதற்கு மரம் உயிரோடிருக்க வேண்டும். காம்பின் அடியில் ஒரு பிரிபடலத்தை மரமே உண்டாக்கி, இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகுதான் இலையை விடும்.

செல்லிலும் இதே கதைதான். சூடு, நஞ்சு, ரத்தம் போகாமை என்று வெளியிலிருந்து அடிவாங்கிய செல் வீங்கி, சவ்வு கிழிந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டும். கொட்டிய இடம் அழற்சியால் சிவந்து வீங்கும். இது நெக்ரோசிஸ். அபோப்டோசிஸில் செல் சுருங்கும், தன் உட்கருவைத் தானே துண்டாக்கும், சிறு சிறு பொட்டலங்களாகப் பிரியும், பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடும். எதுவும் சிந்தாது. இதற்கு ஏடிபி என்ற எரிபொருள் தேவை. நடுவழியில் எரிபொருள் தீர்ந்தால், அபோப்டோசிஸாகத் தொடங்கிய சாவு நெக்ரோசிஸாக முடியும்.

நல்ல செல் ஏன் சாக வேண்டும்?

காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாத்தின் விரல்களுக்கிடையே சவ்வு இருக்கிறது, கோழிக்கு இல்லை. முட்டைக்குள் இரண்டின் காலும் முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். கோழிக் குஞ்சில் விரலிடைச் செல்கள் அபோப்டோசிஸில் மடிந்து விரல்கள் பிரிகின்றன. வாத்தில் கிரெம்லின் என்ற புரதம் அந்தச் சாவுக் கட்டளையைத் தடுப்பதால் சவ்வு தங்கிவிடுகிறது. நம் விரல்கள் பிரிந்ததும் கோழிக் கால் பிரிந்த வழியில்தான்.

நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் வெளியே வராமலே சாகின்றன. உதவாதவையும் நம் உடம்பையே தாக்கக்கூடியவையும் அங்கேயே கழிக்கப்படுகின்றன.

சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுதான் இந்தத் துறைக்கே ஆசிரியர். இருபாலியான அந்தப் புழுவின் வளர்ச்சியில் 1,090 உடல் செல்கள் தோன்றும், அவற்றில் 131 சாகும், மீதி 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள், அதே நேரத்தில். அப்படியானால் இது விபத்தாக இருக்க முடியாது, மரபணுவில் எழுதியிருக்க வேண்டும். அந்த மரபணுக்களைக் கண்டுபிடித்த ஹார்விட்சும், செல் வரிசையைக் கண்ணால் பார்த்தே எழுதிய சல்ஸ்டனும், புழுவை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்த பிரென்னரும் 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செல்லுக்குள் என்னதான் நடக்கிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

இதை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிட்டால் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும். ஏனென்றால் ஒவ்வொரு சோதனையும் இந்த வழியில் ஏதோ ஒரு படியைப் பிடிக்கிற வலைதான்.

டிஎன்ஏ பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். பி53 என்ற புரதம் அதை உணர்ந்து ப்யூமா, நாக்ஸா போன்ற சிறு புரதங்களைச் செய்யச் சொல்லும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பிசிஎல்-2 குடும்பத்தைச் சேர்ந்த காவல் புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் சவ்வைத் துளைத்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவற்றின் வேலை. ப்யூமாவும் நாக்ஸாவும் வந்து காவலின் கையைக் கட்டிவிடும். உடனே பாக்ஸும் பாக்கும் ஒன்றோடொன்று சேர்ந்து சவ்வில் துளையிடும்.

துளை வழியாக சைட்டோகுரோம் சி வெளியே வரும். எனக்கு இந்தக் கட்டம் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. சைட்டோகுரோம் சி அதுவரை சுவாசத்துக்கு எலெக்ட்ரானைக் கடத்திக் கொடுத்துச் செல்லை வாழவைத்துக்கொண்டிருந்த புரதம். இடம் மாறியதும் அதே புரதம் சாவுக்கு ஆணையாகிவிடுகிறது. சியாவோடாங் வாங் குழுவினர் 1996-இல் இதைச் சொன்னபோது பலருக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்த சைட்டோகுரோம் சி, ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேரும். ஏழு ஏபாஃப்-1 கூடி ஏழு ஆரம் கொண்ட சக்கரமாகும். அதன் மேல் காஸ்பேஸ்-9 ஏறி விழித்துக்கொள்ளும். அது காஸ்பேஸ்-3-ஐயும் 7-ஐயும் வெட்டி எழுப்பும். காஸ்பேஸ்கள் புரதத்தை வெட்டும் நொதிகள். அஸ்பார்டிக் அமிலம் இருக்கும் இடமாகப் பார்த்து, அதற்கு அடுத்து வெட்டும். கண்டபடி நொறுக்காது, தேர்ந்தெடுத்த சில நூறு புரதங்களை மட்டும் வெட்டும்.

அந்த வெட்டுகளின் பலன்தான் நாம் பார்க்கும் அடையாளங்கள். ராக்-1 வெட்டுப்பட்டால் செல்லின் ஓரம் இழுபட்டுக் குமிழியிடும். ஐகேட் என்ற தடுப்பான் வெட்டுப்பட்டால் கேட் என்ற நொதி விடுபட்டு டிஎன்ஏ-வைத் துண்டாக்கும். சவ்வின் உள்பக்கமே இருக்க வேண்டிய பாஸ்படைடில்செரின் என்ற கொழுப்பைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பும் பம்ப்பு வெட்டுப்பட்டால், அது வெளிப்பக்கம் வந்துவிடும். மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் அதைத் தொட்டுப் பார்த்து, சாகிற செல்லை விழுங்கும்.

சாவுக் கட்டளை வெளியிலிருந்தும் வருமா?

வரும். ஃபாஸ், டிரெய்ல் வாங்கிகள் செல்லின் மேல் இருக்கின்றன. அவற்றின் மேல் வந்து ஒட்டும் புரதம் காஸ்பேஸ்-8-ஐ எழுப்பும். சில செல்களில் அதுவே காஸ்பேஸ்-3-ஐ நேராக எழுப்பப் போதும். மற்றவற்றில் பிட் என்ற புரதத்தை வெட்டி மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பி, மேலே சொன்ன வழியிலேயே போகும்.

நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். எல்லாச் சோதனைக்கும் முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும். சாயம் எதுவும் வேண்டாம், தலைகீழ் நுண்ணோக்கி போதும்.

தட்டில் ஒட்டி விரிந்திருந்த செல் முதலில் கால்களை இழுத்துக்கொண்டு உருண்டையாகும். பளபளவென்று ஒரு ஒளிவட்டம் தெரியும். அப்புறம் ஓரத்தில் ஒரு குமிழ் எழும், அடங்கும், பக்கத்தில் இன்னொன்று எழும். கேழ்வரகுக் கூழ் அடுப்பில் தளதளக்கும்போது எழுமே, அதே மாதிரி. கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் தனித்தனிப் பொட்டலங்களாகப் பிரியும். வீங்கி வெளுத்து, உட்கரு மட்டும் நிழலாகத் தெரிந்தால் அது நெக்ரோசிஸ்.

ஹோகெஸ்ட் சாயம் போட்டால் உட்கரு சுருண்டு, கெட்டியாகி, இரண்டு மூன்று ஒளிர்மணிகளாக உடைந்திருப்பது நீலத்தில் தெரியும். அக்ரிடின் ஆரஞ்சு, எத்திடியம் புரோமைடு இரட்டைச் சாயமும் நம் கல்லூரிகளில் அதிகம் செய்கிறார்கள். நல்ல சோதனைதான், ஆனால் ஒரே ஒரு அழகான புலத்தைப் படமெடுத்து ஒட்டாதீர்கள். பல புலங்களில் குறைந்தது 200 செல்களையாவது எண்ணுங்கள். எது மருந்து போட்ட தட்டு என்று தெரியாத ஒருவர் எண்ணினால் இன்னும் நல்லது.

எம்டிடி சோதனையில் பாதியாகக் குறைந்துவிட்டது. அபோப்டோசிஸ் என்று எழுதலாமா?

கூடாது. எம்டிடி மஞ்சள் நிறம், உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். ஊதா பாதியானது என்றால் செல் செத்திருக்கலாம், பெருகாமல் நின்றிருக்கலாம், வளர்சிதைமாற்றம் மந்தமாகியிருக்கலாம். மூன்றுக்கும் எண் ஒன்றுதான்.

மூலிகைச் சாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். செல் செத்திருந்தாலும் உயிரோடு இருப்பதாக எண் காட்டும். செல் இல்லாமல் சாறும் எம்டிடியும் மட்டும் போட்ட குழிகள் கட்டாயம் வேண்டும். இதை வைக்காத ஆய்வேடுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும், ஒரு வருட உழைப்பு ஆயிற்றே.

அனெக்சின் சோதனை என்ன செய்கிறது?

வெளிப்பக்கம் வந்துவிட்ட பாஸ்படைடில்செரினை அனெக்சின் V என்ற புரதம் பிடித்துக்கொள்ளும். அதில் பச்சையாக ஒளிரும் சாயம் கட்டியிருப்பார்கள். கூடவே புரொப்பிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயமும் போடுகிறோம். அது சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் போய் டிஎன்ஏ-வில் ஒட்டும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் போகும்போது ஒவ்வொன்றின் பச்சையும் சிவப்பும் தனித்தனியாக அளக்கப்படும்.

இரண்டும் இல்லையென்றால் உயிருள்ள செல். பச்சை மட்டும் என்றால் அபோப்டோசிஸின் முன்கட்டம். இரண்டும் இருந்தால்? இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 'பின்கட்ட அபோப்டோசிஸ்' என்று மெஷின் அச்சிடும் தாளில் இருப்பதை அப்படியே எழுதிவிடுவார்கள். நெக்ரோசிஸிலும் சவ்வு கிழிகிறது. கிழிந்தால் அனெக்சின் உள்ளே போய் உள்பக்கக் கொழுப்பில் ஒட்டும், சிவப்பும் ஏறும். உடம்பில் மேக்ரோஃபேஜ் வந்து பொட்டலங்களை விழுங்கிவிடும், தட்டில் விழுங்க யாரும் இல்லை. அதனால் அபோப்டோசிஸில் செத்த செல்லும் கொஞ்ச நேரத்தில் கிழிந்துபோகும். இரண்டு வழியில் வந்தவையும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கும்.

பிரித்துப் பார்க்க நேரம்தான் கருவி. 3, 6, 12, 24 மணி என்று எடுத்துப் பாருங்கள். செல்கள் முதலில் பச்சைக்குப் போய், பிறகு இரண்டுக்கும் நகர்ந்தால் அபோப்டோசிஸ் என்று சந்தேகிக்கலாம். 24 மணியில் மட்டும் ஒரு படம் எடுத்தால், திருமணம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது போய் யார் யார் வந்தார்கள் என்று கேட்பது மாதிரி ஆகிவிடும்.

அனெக்சின் ஒட்டவே இல்லை. கிட் கெட்டுப்போயிற்றா?

முதலில் கரைசலைப் பாருங்கள். அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும். கிட்டோடு வரும் பைண்டிங் பஃபரில் பொதுவாக 2.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு இருக்கும். அதை விட்டுவிட்டு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் சாயம் போட்டால் ஒட்டாது. தட்டிலிருந்து செல்லைப் பெயர்க்கும் ட்ரிப்சின் நொதியோடு போட்ட ஈடிடிஏ கழுவப்படாமல் மிச்சமிருந்தாலும் அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மீடியா என்ற வளர்ப்புக் கரைசலில் மிதக்கிற செல்களைக் கொட்டிவிடலாமா?

தயவுசெய்து கொட்டாதீர்கள். நீங்கள் தேடுவது அவற்றைத்தான்! சாகிற செல் பிடிவிட்டு மிதக்கும். பழைய மீடியாவை வடித்துவிட்டு, ஒட்டியிருப்பதை மட்டும் ட்ரிப்சின் போட்டு எடுத்தால் பிழைத்தவற்றை மட்டும் எண்ணியதாக ஆகும். பழைய மீடியா, கழுவிய பிபிஎஸ், ட்ரிப்சினில் வந்தது, மூன்றையும் ஒரே குழாயில் சேர்த்து 300 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுற்றுங்கள். ட்ரிப்சினை அதிக நேரம் விட்டாலும் நல்ல செல்லின் சவ்வு சேதமாகி பொய்ப் பச்சை வரும்.

ஃப்ளோ சைட்டோமீட்டர் புதுச்சேரியில் இருக்கிறது, நாங்கள் கடலூரில். சாயம் போட்டு எடுத்துப்போகலாமா?

வேண்டாம். நான் பட்டிருக்கிறேன். என் ப்ராஜெக்டின்போது கடலூரில் காலையில் அனெக்சின் போட்டு, பன்னிரண்டு குழாய்களை ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே என்ற தைரியம். கன்னியக்கோயில் வரை நன்றாகப் போனது. அரியாங்குப்பத்தில் ஊர ஆரம்பித்து மரப்பாலத்தில் நின்றேவிட்டது. போய்ச் சேர்ந்தபோது மெஷினில் வேறொருவரின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என் முறை வந்தபோது சாயம் போட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. முதல் குழாய் மருந்தே போடாத கன்ட்ரோல். அதிலேயே பாதிச் செல்கள் பச்சையும் சிவப்புமாக இருந்தன. மீதிப் பதினொன்றை ஓட்டிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

அனெக்சின் போட்ட மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள் அளந்தாக வேண்டும். உயிருள்ள செல்லையே கொண்டுபோய் அங்கே மருந்து போடுவது நல்லது. ஃபிளாஸ்க்கில் மீடியாவை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, கதகதப்பாக எடுத்துப்போனால் அந்தத் தூரத்துக்கு செல் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் ஓரிரவு இன்குபேட்டரில் ஓய்வு கொடுங்கள்.

அதற்கு வசதியில்லை என்றால் பயணத்தைத் தாங்கும் சோதனைக்கு மாறுங்கள். 70 சதவீதக் குளிர்ந்த எத்தனாலில் நிலைப்படுத்திய செல்கள் ஃப்ரீசரில் நாள்கணக்கில் இருக்கும். அவற்றில் ஆர்என்ஏ-வை அழிக்கும் ஆர்என்ஏஸ் நொதியும் புரொப்பிடியம் அயோடைடும் போட்டு டிஎன்ஏ அளவைப் பார்த்தால், துண்டான டிஎன்ஏ கசிந்துபோன செல்கள் இயல்பான செல்கள் நிற்கும் ஜி1 முகட்டுக்குக் கீழே தனி மேடாகத் தெரியும். ஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3-க்கான ஆன்டிபாடி போட்ட மாதிரியும் பஸ் பயணத்தைத் தாங்கும்.

டிஎன்ஏ ஏணி என்றால் என்ன? எங்களுக்கு ஏன் வரவில்லை?

டிஎன்ஏ ஹிஸ்டோன் உருண்டைகளில் நூல்கண்டு மாதிரிச் சுற்றியிருக்கிறது. கேட் நொதி உருண்டைகளுக்கு இடையில் உள்ள வெற்று நூலில் வெட்டும். அதனால் துண்டுகள் சுமார் 180 முதல் 200 காரஇணை நீளமாகவோ அதன் மடங்குகளாகவோ இருக்கும். அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் 200, 400, 600 என்று படிபடியாக ஏணி விழும். வில்லி 1980-இல் காட்டியது. நெக்ரோசிஸில் கண்டபடி உடைவதால் ஏணி இல்லாமல் இழுவையாகத் தெரியும்.

வராததற்குக் காரணம் பல. மிதக்கும் செல்லைக் கொட்டியிருப்பீர்கள், செல் எண்ணிக்கை போதாமல் இருந்திருக்கும், ஆர்என்ஏ நீக்கப்படாமல் அடியில் மூட்டமாக நின்றிருக்கும், வோல்டேஜ் அதிகமாக வைத்திருப்பீர்கள். ஆனால் நான் முதலில் கேட்பது, எந்த செல்? பத்தில் பாதிப் பேர் எம்சிஎஃப்-7 என்பார்கள். அந்த மார்பகப் புற்றுநோய் செல்லில் காஸ்பேஸ்-3 மரபணுவிலேயே 47 காரஇணை விடுபட்டிருக்கிறது, அந்தப் புரதம் உண்டாவதே இல்லை. 1998-இல் தெரியவந்த விஷயம். காஸ்பேஸ்-3 இல்லாவிட்டால் ஐகேட் சரியாக வெட்டுப்படாது, ஏணி வராது. ஒரு மாணவி மூன்று மாதம் ஜெல் போட்டுப் போட்டுத் தன் கைதான் சரியில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். அவள் கையில் குறையே இல்லை, அந்தச் செல்லில் ஏணி விழ வழியே இல்லை. எம்சிஎஃப்-7-இல் அனெக்சின் வேலை செய்யும், காஸ்பேஸ்-7 இருப்பதால் பார்ப் புரதமும் வெட்டுப்படும். அவற்றைப் பாருங்கள்.

டனல் சோதனை ஏணியைவிட நல்லதா?

திசு வெட்டில் எந்தச் செல் சாகிறது என்று இடத்தோடு காட்டும், அது ஏணியால் முடியாது. 1992-இல் வந்த முறை. டிஎன்ஏ துண்டின் முனையில் டிடிடி என்ற நொதி சாயம் கட்டிய நியூக்ளியோடைடை ஒட்டும். முனை எதுவானாலும் ஒட்டும், நெக்ரோசிஸில் உடைந்த முனை உட்பட. டிஎன்ஏ-வை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி போட்ட ஸ்லைடு ஒன்றும், டிடிடி போடாத ஸ்லைடு ஒன்றும் கூடவே ஓடாவிட்டால் அந்தப் படத்தை நம்ப முடியாது.

அப்படியானால் எதைத்தான் நம்புவது?

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். சாவு ஒரு வழி, நிறையப் படிகள். ஒவ்வொரு சோதனையும் ஒரு படியில் நின்று பார்க்கிறது. வெவ்வேறு படிகளில் நின்று பார்க்கும் இரண்டு சோதனைகளாவது ஒரே கதையைச் சொல்ல வேண்டும், நேர வரிசையும் பொருந்த வேண்டும்.

என் விருப்பம், அனெக்சினோடு, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஒரு வெஸ்டர்ன் பிளாட். அதில் 116 கிலோடால்டன் பார்ப் குறைந்து 89-இல் புதுப் பட்டை வருகிறதா, காஸ்பேஸ்-3 வெட்டுப்பட்டு 17 பக்கம் பட்டை வருகிறதா என்று பார்க்கலாம். காஸ்பேஸ் வேலை செய்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. கூடவே இன்னொரு தட்டில் இசட்-வாட் என்ற காஸ்பேஸ் தடுப்பானை முதலில் போட்டு, பிறகு உங்கள் சாற்றைப் போடுங்கள். செல்கள் பிழைத்தால், சாவு காஸ்பேஸ் வழியாகத்தான் நடந்தது. தடுப்பான் இருந்தும் அதே அளவு செத்தால், அடையாளங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அபோப்டோசிஸ் என்று மட்டும் எழுதிவிட முடியாது. இது செலவு குறைவான சோதனை, ஆனால் இதைத்தான் கடைசியாக நினைக்கிறார்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு, அதாவது அபோப்டோசிஸ் வரும் என்று முன்பே தெரிந்த ஒப்பீட்டுத் தட்டுக்கு, ஸ்டாரோஸ்போரின் அல்லது கேம்ப்டோதெசின் வைத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்யாத நாளில் உங்கள் மருந்து தந்த முடிவுக்கும் பொருள் இல்லை.

எங்கள் சாற்றுக்கே நிறம் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. மஞ்சளிலுள்ள குர்குமின் நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும், அனெக்சின் ஒட்டியது போலவே தெரியும். இலைச் சாற்றிலுள்ள பச்சையம் அடர்சிவப்பில் ஒளிரும். டாக்சோரூபிசின் மருந்தும் ஆரஞ்சுச் சிவப்பாக ஒளிர்ந்து புரொப்பிடியம் அயோடைடோடு குழம்பும். சாறு மட்டும் போட்ட, சாயம் போடாத குழாயை முதலில் ஓட்டுங்கள். அங்கேயே வெளிச்சம் இருந்தால் சாயத்தின் நிறத்தை மாற்றுங்கள்.

திட்டமிட்ட சாவு என்றால் அபோப்டோசிஸ் மட்டும்தானா?

இல்லை. காஸ்டெர்மின் புரதம் சவ்வில் துளையிட்டு, அழற்சியைக் கூப்பிட்டுக்கொண்டே சாவது பைரோப்டோசிஸ். எம்எல்கேஎல் புரதம் சவ்வைக் கிழிப்பது நெக்ரோப்டோசிஸ். இரும்பின் தூண்டலால் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேறிச் சாவது ஃபெரோப்டோசிஸ், இதற்குப் பெயர் வந்தது 2012-இல்தான். இவற்றிலும் அனெக்சின் ஒட்டும். காஸ்பேஸ்-3-ஏ காஸ்டெர்மின் ஈ-யை வெட்டி, அபோப்டோசிஸைப் பைரோப்டோசிஸாகத் திருப்பிவிடுவதும் உண்டு. தடுப்பான் சோதனையை நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் காரணம்.

வீட்டில் ஒருவருக்கு நிணநீர்க்கட்டி பயாப்சி. ரிப்போர்ட்டில் 'பிசிஎல்-2 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். பிசிஎல்-2 செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம். இயல்பான டி செல்களிலும், கட்டியின் மையத்தைச் சுற்றியிருக்கும் பி செல்களிலும் அது இருக்கும். ஆனால் முளைமையம் என்ற இடத்திலுள்ள பி செல்களில் இயல்பாக இருக்காது. அங்கே தேறாத செல்கள் சாக வேண்டும் என்பதே ஏற்பாடு. ஃபாலிக்குலர் லிம்போமா என்ற நோயில் பெரும்பாலும் 14, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு பிசிஎல்-2 எப்போதும் உற்பத்தியாகும், அங்கேயும் தெரியும். அதனால் எந்த இடத்தில், எந்த செல்லில் என்பதுதான் முக்கியம். அதை மற்றச் சாயங்களோடு சேர்த்துப் படிப்பவர் நோயியல் மருத்துவர். ஜிப்மர் போன்ற இடங்களில் ரத்தப் புற்றுநோய் மருத்துவரிடம் முழு ரிப்போர்ட்டையும் கொடுத்து, 'இதற்கு எந்த வகை என்று பெயர்?' என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய பதில் அதில்தான் இருக்கும்.

பிசிஎல்-2-ஐத் தடுக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரை 2016-இல் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோயில் 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரா வாரம் கூட்டி, ஐந்தாவது வாரத்தில்தான் 400-க்குக் கொண்டுபோவார்கள். அவ்வளவு வேகமாகச் செல்கள் சாகும். ஒரே நேரத்தில் அத்தனையும் செத்தால் அவற்றிலிருந்து வரும் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

எங்கள் சாறு புற்றுநோய் செல்லைக் கொன்றுவிட்டது. மருந்து கண்டுபிடித்துவிட்டோமா?

சாதாரண செல்லிலும் அதே அளவு போட்டுப் பார்த்தீர்களா? சாற்றைக் கரைத்த எத்தனாலோ டிஎம்எஸ்ஓவோ மட்டும் போட்ட தட்டு என்ன ஆனது? இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு பேசலாம். தட்டில் சாகடிப்பது சுலபம், கல் உப்பைக் கூடுதலாகப் போட்டாலும் சாகும்.

சாயம் போட்டு மிஞ்சியதை சிங்க்கில் ஊற்றலாமா?

ஊற்றக் கூடாது. எத்திடியம் புரோமைடும் புரொப்பிடியம் அயோடைடும் டிஎன்ஏ-வில் போய் ஒட்டுபவை, நம் டிஎன்ஏ என்று பார்க்காது. நைட்ரைல் கையுறை போடுங்கள், அந்தக் கையோடு கதவுப் பிடியையோ செல்போனையோ தொடாதீர்கள். கழிவுக்குப் பெயர் எழுதிய தனிப் புட்டி, ஜெல்லுக்குத் தனி டப்பா. நிரம்பியதும் துறையின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.